ஸ்டாக், ஸ்டாட்டிக், மாலாக், அரினா, பூல்: டேட்டாவை எங்கே வைப்பது?

சி மொழி கற்கத் தொடங்கும் எவருக்கும் சீக்கிரமே ஒரு அறிவுரை வந்து சேர்ந்துவிடும்: ஸ்டாக் (ஃபங்ஷனோடு வந்து போகும் மெமரி) வேகமானது, ஹீப் (ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரி) மெதுவானது. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் புரோகிராம் எழுத உட்காரும்போது அதை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. முதலில் கேட்க வேண்டியது, இந்த டேட்டா எவ்வளவு நேரம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதைத்தான். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வழிகள் தானாகவே கழிந்துவிடும். மிச்சம் இருப்பவற்றில் எது வேகம் என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பேச்சுக்கு ஒரு புரோகிராமை எடுத்துக்கொள்வோம். பெரிய உரைக் கோப்பு ஒன்றைப் படித்து, எந்தச் சொல் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணி, அதிகம் வந்த 20 சொற்களைக் காட்ட வேண்டும். இதில் மூன்று வகை டேட்டா இருக்கிறது: கோப்பிலிருந்து துண்டு துண்டாகப் படித்துப் போடும் பஃபர், ஒவ்வொரு புதிய சொல்லின் எழுத்துகள், சொல்லையும் எண்ணிக்கையையும் சேர்த்து வைக்கும் அட்டவணை. மூன்றுக்கும் ஆயுள் வேறு, வளரும் விதம் வேறு. ஆகவே மூன்றையும் ஒரே இடத்தில் வைப்பது சரியாக வராது.

அதற்கு முன் பாயிண்டர் பற்றி ஒரு வார்த்தை. அது ஒரு எண். 64-பிட் கணினியில் 8 பைட் நீளம். அந்த எண் ஒரு முகவரி. பாயிண்டரின் வகை கம்பைலருக்கு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது: அந்த முகவரியிலிருந்து எத்தனை பைட் படிக்க வேண்டும், 1 கூட்டினால் எத்தனை பைட் தள்ளிப் போக வேண்டும். வழக்கமான கணினிகளில் இன்ட் பாயிண்டரோடு 1 கூட்டினால் முகவரி 4 கூடும், டபுள் பாயிண்டரோடு கூட்டினால் 8 கூடும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

தெரியாதவைதான் நம்மைப் படுத்துகின்றன. அங்கே மொத்தம் எவ்வளவு இடம் இருக்கிறது? அந்த இடம் இன்னும் நம் கையில் இருக்கிறதா, போய்விட்டதா? அதை விடுவிக்க வேண்டியது யார் பொறுப்பு? பாயிண்டரை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்காது. பதில் எழுதுபவரின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது, அல்லது யாரோ எழுதிய கமெண்டில். கீழே வரும் ஒவ்வொரு வழியும் இந்தச் சுமையில் எவ்வளவைத் தான் வாங்கிக்கொள்கிறது, எவ்வளவை நம் தலையில் விடுகிறது என்று பார்த்தால் ஒப்பிடுவது எளிது.

ஸ்டாக்

ஃபங்ஷனுக்குள் நுழையும்போது பிராசஸரில் ஸ்டாக்கின் முனையைக் குறித்திருக்கும் ஸ்டாக் பாயிண்டர் ரெஜிஸ்டரிலிருந்து ஒரு எண்ணைக் கழித்தால் இடம் தயார். வெளியே வரும்போது கூட்டினால் இடம் காலி. விடுவிக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை, லீக் ஆக, அதாவது விடுவிக்காமல் விட்ட இடம் வீணாகத் தேங்க, வழியே இல்லை. ஒரு ஃபங்ஷனோடு பிறந்து அதோடு முடியும் எல்லாவற்றுக்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது.

சிக்கல் அளவில் வருகிறது. லினக்ஸில் முதன்மை த்ரெட்டுக்கு (புரோகிராமின் ஓட்டப் பாதைக்கு) வழக்கமாக 8 எம்பி ஸ்டாக் கிடைக்கும். விண்டோஸில் 1 எம்பி. ஆல்பைன் லினக்ஸ் பயன்படுத்தும் மஸல் என்ற சி நூலகத்தில் புதிதாகத் தொடங்கும் த்ரெட்டுக்கு 128 கேபிதான். அதனால் ஒரு இடத்தில் ஒழுங்காக ஓடிய புரோகிராம் இன்னொரு இடத்தில் காரணமே சொல்லாமல் விழும். ஒரு ஃபங்ஷன் 4 கேபி பஃபரை வைத்துக்கொண்டு தன்னைத்தானே அழைத்துக்கொண்டு போகிறது என்று வையுங்கள். 256 ஆழத்திலேயே 1 எம்பி தீர்ந்துவிடும். ஹீப்பில் இடம் கேட்கும் மாலாக் ஃபங்ஷன் என்றால் தோற்றதாகச் சொல்லவாவது செய்யும். ஸ்டாக் தீர்ந்தால் திருப்பிச் சொல்ல வழியில்லை, நேராக கிராஷ்தான். ஓடும்போது நீளம் தீர்மானமாகும் அரேக்களை லினக்ஸ் கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) குழுவினர் 2018-இல், 4.20 பதிப்போடு, கெர்னலிலிருந்து முழுக்க நீக்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு சிக்கல், உள்ளூர் வேரியபிளின் முகவரியை வெளியே அனுப்புவது. நேரடியாக ரிட்டர்ன் செய்தால் இன்றைய கம்பைலர்கள் எச்சரிக்கும். ஒரு ஸ்ட்ரக்டுக்குள் அந்த முகவரியைப் போட்டு ஸ்ட்ரக்டை அனுப்பினால் பெரும்பாலும் வாயைத் திறக்காது. சோதித்துப் பார்த்தால் பழைய மதிப்பு அப்படியே இருப்பது போலவே தெரியும், அந்த இடத்தின் மேல் அடுத்த ஃபங்ஷன் வந்து எழுதும் வரை.

நம் புரோகிராமில் படிக்கும் பஃபர் ஸ்டாக்குக்கு ஏற்றது. 64 கேபி போதும், அளவு முன்பே தெரியும், படிக்கும் ஃபங்ஷன் முடிந்தால் அதற்கு வேலை இல்லை. சொற்களை இங்கே வைக்க முடியாது. அவை அந்த ஃபங்ஷனைத் தாண்டி வாழ வேண்டியவை.

ஸ்டாட்டிக்

குளோபல் வேரியபிள்களும் ஸ்டாட்டிக் என்று குறித்தவையும் புரோகிராம் தொடங்கும்போதே இருக்கும், முடியும் வரை இருக்கும். ஆரம்ப மதிப்பு கொடுக்காவிட்டால் பூஜ்ஜியமாக இருக்கும். பெரிய அரேயாக இருந்தாலும், பூஜ்ஜியம்தான் என்றால் பொதுவாக எக்ஸிக்யூட்டபிள் கோப்பில் இடம் பிடிக்காது.

பெரிய கணினிகளில் வேலை செய்பவர்கள் இதை ஏளனமாகப் பார்ப்பது உண்டு. சிறிய சிப்பில் வேலை செய்பவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு, அது நியாயமும்கூட. ஆர்டுயினோ ஊனோவில் உள்ள ஏடிமெகா 328பி சிப்பில் மொத்த ரேமே 2 கேபி. அங்கே எல்லாவற்றையும் ஸ்டாட்டிக்காக வைத்தால், அவை எவ்வளவு இடம் பிடிக்கின்றன, ஸ்டாக்குக்கு எவ்வளவு மிச்சம் என்று லிங்க் செய்யும்போதே எண்ணாகத் தெரிந்துவிடும். சாதனம் வேலைக்குப் போய் மூன்று மாதம் கழித்து மெமரி தீர்ந்து நிற்கும் வாய்ப்பு அந்த அளவுக்குக் குறைகிறது. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் இருந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மேன் 2006-இல் வெளியிட்ட பத்து விதிகளில் ஒன்று, தொடக்க ஏற்பாடு முடிந்த பிறகு மெமரியை டைனமிக்காகக் கேட்கக் கூடாது என்பது. வாகன மென்பொருளில் தொடங்கிய மிஸ்ரா சி விதிகளும் ஹீப்பை ஒதுக்கச் சொல்கின்றன.

விலை என்னவென்றால், உச்ச அளவை முன்பே சொல்லியாக வேண்டும். தவிர, ஒரே இடத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்வதால் இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் வந்தால் குழப்பம். ஸ்ட்ரிங்கைத் துண்டாக்கும் பழைய ஸ்ட்ர்டோக் ஃபங்ஷன் தன் நிலையை உள்ளே ஒரு ஸ்டாட்டிக் பாயிண்டரில் வைத்திருந்ததால்தான் நிலையை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும் இன்னொரு வடிவத்தைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

மாலாக்கும் ஃப்ரீயும்

எவ்வளவு வேண்டும் என்று ஓடும்போதுதான் தெரியும், கேட்ட ஃபங்ஷனைத் தாண்டியும் வாழ வேண்டும் என்றால் ஹீப்தான். அங்கே மாலாக் இடம் வாங்கித் தரும், ஃப்ரீ அதை விடுவிக்கும். பெரும்பாலோர் கை முதலில் போவதும் மாலாக்குக்குத்தான். அது உள்ளே என்ன செய்கிறது என்று ஒருமுறை கிட்டப் போய்ப் பார்த்துவிட்டால் அந்தப் பழக்கம் கொஞ்சம் தளரும்.

லினக்ஸில் பரவலாக உள்ள ஜிலிப்சி என்ற சி நூலகத்தை 64-பிட் கணினியில் எடுத்துக்கொள்வோம். நாம் கேட்ட அளவோடு 8 பைட் தலைப்பைச் சேர்த்து, 16-இன் மடங்குக்கு உயர்த்தி, குறைந்தபட்சம் 32 பைட் துண்டாகத்தான் அது ஒதுக்கும். 'மரம்' என்ற சொல்லைச் சேமிக்க வேண்டும் என்று வையுங்கள். யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ம, ர, ம, புள்ளி என நான்கு குறியீடுகள், ஆக 12 பைட். முடிவில் ஒரு பூஜ்ஜிய பைட் சேர்த்து 13. மாலாக் இதற்கு எடுத்துக்கொள்வது 32. 24 பைட் கேட்டாலும் அதே 32தான். 25 கேட்டால் 48.

அந்த 8 பைட் தலைப்பு நாம் வாங்கும் முகவரிக்குச் சற்று முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ஃப்ரீயிடம் நாம் அளவைச் சொல்வதே இல்லையே, அதற்கு எப்படித் தெரிகிறது என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: அது பின்னால் திரும்பிப் பார்த்துத் தலைப்பைப் படிக்கிறது. பாயிண்டரை ஒரு இடம் நகர்த்திவிட்டு ஃப்ரீயிடம் கொடுத்தால் ஏன் வெடிக்கிறது என்பதும் இதில் அடக்கம். இன்னும் மோசமானது, நம் துண்டின் எல்லையைத் தாண்டிச் சில பைட் எழுதினால் அழிவது பக்கத்துத் துண்டின் தலைப்பு. எழுதிய இடத்தில் ஒன்றும் நடக்காது. பல ஆயிரம் வரிகள் கழித்து, சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் ஒழுங்காகக் கூப்பிட்ட ஃப்ரீயில் கிராஷ் வரும். அந்த வரியை எத்தனை முறை படித்தாலும் அதில் பிழை இருக்காது.

மாலாக் நல் (இடம் இல்லை என்று சொல்லும் வெற்று முகவரி) திருப்பித் தருகிறதா என்று சோதிக்க வேண்டுமா என்பது ஓயாத சண்டை. லினக்ஸ் வழக்கமாக இருப்பதைவிட அதிகமாகவே வாக்குக் கொடுக்கும். முகவரியை உடனே தந்துவிடும். உண்மையான ரேம், அந்தப் பக்கத்தில் முதல் முறை எழுதும்போதுதான், பெரும்பாலும் 4096 பைட் பக்கமாக, வந்து சேரும். எனவே மெமரி தீர்ந்துபோனால் நல் வருவதைவிட, கெர்னல் ஒரு புரோகிராமைத் தேர்ந்தெடுத்துக் கொல்வதற்குத்தான் வாய்ப்பு அதிகம். இதைச் சொல்லி, சோதனையே வேண்டாம் என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அளவைக் கணக்கிடும்போது ஒரு கழித்தல் எதிர்மறைக்குப் போய்விட்டால் மாலாக்குக்குப் போவது பூதாகரமான எண். அதற்கு நல்தான் வரும். சோதனை இருந்தால் பிழை அங்கேயே பிடிபடும். ஒரு வரிதானே, எழுதிவிட்டுப் போகலாம்.

வாங்கிய இடத்தின் அளவை மாற்றும் ரீஅலாக்கில் இரண்டு குழிகள். பி = ரீஅலாக்(பி, புதிய அளவு) என்று எழுதினால், தோற்கும்போது பழைய முகவரியின் மேல் நல் எழுதப்பட்டு அந்த இடம் லீக் ஆகிவிடும். இது பலருக்கும் தெரிந்தது. இரண்டாவதுதான் பொல்லாதது. நம் அட்டவணை ஒரு வளரும் அரே என்றும், தேடலுக்கான ஹாஷ் அதன் உறுப்புகளுக்குப் பாயிண்டர் வைத்திருக்கிறது என்றும் வையுங்கள். அரே நிரம்பி ரீஅலாக் அதை வேறு இடத்துக்கு மாற்றிய அந்தக் கணமே ஹாஷில் உள்ள அத்தனை பாயிண்டர்களும் செத்த முகவரிகள். சிறிய கோப்பில் சோதித்தால் அரே நகரவே நகராது, எல்லாம் சரியாகத் தெரியும். சி பிளஸ் பிளஸின் வெக்டரிலும் இதே கதைதான்.

இதற்கு மருந்து, பாயிண்டருக்குப் பதில் இன்டெக்ஸ் வைப்பது. 'முகவரி இது' என்பதற்குப் பதில் 'அரேயில் 417-ஆவது' என்று வைத்தால் அரே எங்கே நகர்ந்தாலும் கவலையில்லை. 8 பைட்டுக்குப் பதில் 4 பைட் போதும், எல்லைக்குள் இருக்கிறதா என்று சோதிக்கலாம், அப்படியே கோப்பில் எழுதி வைத்து நாளைக்குப் படிக்கவும் செய்யலாம். மரம், கிராஃப் போன்ற அமைப்புகளுக்குப் பாயிண்டரைவிட இன்டெக்ஸ்தான் நல்லது என்பது என் கட்சி.

இங்கேயே வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடலாம், ஏனென்றால் உண்மையான வேக வித்தியாசம் மாலாக்கை அழைக்கும் நேரத்தில் மட்டும் இல்லை. 10 லட்சம் இன்ட்களை அரேயில் வைத்தால் 40 லட்சம் பைட். அவற்றையே லிங்க்ட் லிஸ்டாக, ஒவ்வொரு கணுவையும் தனி மாலாக்கில் வைத்தால்? 4 பைட் எண், சீரமைப்புக்காக 4 பைட் வெற்றிடம், 8 பைட் பாயிண்டர், ஆக 16. தலைப்போடு 32. மொத்தம் 3 கோடியே 20 லட்சம் பைட், அரேயைப் போல எட்டு மடங்கு. பெரும்பாலான பிராசஸர்கள் மெமரியை 64 பைட் வரிகளாக இழுத்துவருகின்றன. அரேயில் ஒரு வரிக்கு 16 எண் வரும். லிஸ்டில் அதிர்ஷ்டம் இருந்தால் 2. அடுத்த கணு எங்கே என்று தெரிய முந்தைய கணு வந்து சேர வேண்டும் என்ற காத்திருப்பு வேறு.

அரினா

ஒரு பெரிய துண்டை ஒருமுறை வாங்கிக்கொண்டு, கேட்கக் கேட்க அதன் முனையிலிருந்து வெட்டிக் கொடுப்பது அரினா. உள்ளே இருப்பது ஒரு தொடக்க முகவரியும் 'இதுவரை இவ்வளவு போயிற்று' என்ற எண்ணும்தான். தனித்தனியாக விடுவிக்க முடியாது, விடுவித்தால் மொத்தமாகத்தான். எழுத முப்பது வரி போதும்.

குறை மாதிரித் தெரியும் அந்த 'மொத்தமாகத்தான்' தான் இதன் பலம். நம் புரோகிராமில் சொற்கள் எல்லாம் புரோகிராம் முடியும் வரை வாழ்பவை. எல்லாம் ஒன்றாகச் சாகும் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சாவுக்கணக்கு எழுதி என்ன பயன்? அரினாவில் 'மரம்' 13 பைட்டில் முடிந்துவிடும், அடுத்த சொல் ஒட்டியே வரும். ஸ்ட்ரக்டுகளையும் அதிலேயே வைத்தால் மட்டும் தொடக்க முகவரியைத் தேவையான மடங்குக்கு நகர்த்தக் கவனம் வேண்டும்.

பெரிய மென்பொருள்கள் இதை வெகு காலமாகச் செய்கின்றன. வெப் சர்வர்களான அப்பாச்சியும் என்ஜினெக்ஸும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு பூல் திறந்து, பதில் அனுப்பி முடிந்ததும் மொத்தமாகக் காலி செய்கின்றன. (பெயர் பூல் என்றாலும் இங்கே நாம் சொல்லும் அரினா வகைதான்.) போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் மெமரி கான்டெக்ஸ்ட் என்ற ஏற்பாடு, ஒரு க்வெரிக்காக ஒதுக்கியதெல்லாம் அந்தக் க்வெரியோடு போய்விடும். நடுவில் பிழை வந்து எங்கிருந்து வெளியேறினாலும் லீக் இல்லை. மாலாக் வழியில் பத்து இடத்தில் வெளியேறும் ஃபங்ஷனுக்குப் பத்து இடத்திலும் எதை எதை ஃப்ரீ செய்வது என்று யோசித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் நிற்காமல் ஓடும் சர்வரில், எப்போதும் காலி செய்யப்படாத அரினா ஒன்றை வைத்தால் அது லீக்கேதான், பெயர்தான் வேறு. இன்னொன்று, மெமரிப் பிழை தேடும் கருவிகளின் கண்ணுக்கு அரினாவின் உள்ளே தெரியாது. மாலாக்கில் வாங்கி ஃப்ரீ செய்ததைத் தொட்டால் வால்கிரைண்டும் அட்ரஸ் சானிடைசரும் வரி எண்ணோடு சொல்லும். அரினாவைக் காலி செய்த பிறகு தொட்டால் அவற்றுக்கு அது ஒரே பெரிய, உயிருள்ள துண்டு. நாமாகச் சொல்லிக்கொடுத்தால் ஒழியக் கண்டுபிடிக்காது. 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை வெளிவந்தபோது எழுந்த விமர்சனங்களில் ஒன்று இதற்கு நெருங்கிய உறவு: ஒரு கோரிக்கைக்கு 64 கேபி வரை எல்லை தாண்டிப் படிக்க விட்ட பிழை அது, அந்த நூலகம் பஃபர்களைத் தானே தனிப் பட்டியலில் சுழற்றிக்கொண்டதால், சில சிஸ்டங்களின் மாலாக்கில் இருந்த பாதுகாப்பு ஏற்பாடுகள் குறுக்கே வர வழியில்லாமல் போயிற்று.

பூல்

ஒரே அளவுள்ள பொருள்கள், எந்த வரிசையிலும் வந்து எந்த வரிசையிலும் போகும் என்றால் பூல். நெட்வொர்க் கனெக்ஷன்கள் நல்ல உதாரணம். காலியாக உள்ள ஒவ்வொரு கட்டத்தின் முதல் 8 பைட்டிலேயே அடுத்த காலிக் கட்டத்தின் முகவரியை எழுதி வைத்துக்கொள்வதால் கூடுதல் இடமே தேவையில்லை. எடுப்பதும் திருப்புவதும் இரண்டொரு கட்டளைகள். ஜெஃப் பான்விக் 1994-இல் சன் நிறுவனத்தின் ஆப்பரேட்டிங் சிஸ்டமான சன்ஓஎஸ் 5.4-க்காக எழுதிய ஸ்லாப் அலகேட்டர் இந்த யோசனையின் பெரிய வடிவம். பின்னர் லினக்ஸ் கெர்னலும் அதே வழியில் போயிற்று. திருப்பிய கட்டத்தைப் பழைய பாயிண்டர் வழியே தொடும் ஆபத்து மட்டும் இதில் அப்படியே இருக்கிறது. சொல் எண்ணும் புரோகிராமுக்குப் பூல் தேவைப்படவில்லை.

மொழியையே மாற்றினால்?

இதுவும் ஒரு தேர்வுதான். குரோம் பிரவுசருக்கு அடிப்படையான குரோமியத்தின் குழு 2020-இல் சொன்ன கணக்கின்படி அவர்களின் தீவிரமான பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70 சதவீதம் மெமரி தொடர்பானவை, அவற்றில் பாதி ஃப்ரீ செய்த பிறகு தொட்டவை. சி பிளஸ் பிளஸில் யுனிக் பாயிண்டர், யார் விடுவிப்பது என்ற கேள்விக்கு வகையிலேயே பதில் எழுதிவிடுகிறது. வழக்கமான பயன்பாட்டில் அதே 8 பைட்தான், கூடுதல் செலவு கிட்டத்தட்ட இல்லை. பல சொந்தக்காரர்கள் பகிரும் ஷேர்டு பாயிண்டர் பெரும்பாலும் 16 பைட், அதோடு தனியாக ஒரு கணக்குத் துண்டு, ஒவ்வொரு நகலுக்கும் எண்ணிக்கையைக் கூட்டும் வேலை. யார் சொந்தக்காரர் என்று யோசிக்கச் சோம்பல்பட்டு அதை எல்லா இடத்திலும் தூவுபவர்களைப் பார்க்கிறேன். இரண்டு பொருள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் அங்கேயும் லீக்தான். 2015-இல் 1.0 வந்த ரஸ்ட் மொழி, பாயிண்டர் பற்றித் தொடக்கத்தில் கேட்ட மூன்று கேள்விகளையும் ஏறக்குறைய முழுக்கத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறது. நீளம் பாயிண்டரோடு சேர்ந்தே பயணிக்கும், ஆயுளைக் கம்பைலர் சோதிக்கும். விலையை முன்கூட்டியே, கம்பைலரோடு வாதாடிக் கட்ட வேண்டும். கிராஃப் எழுதப் போனால் அங்கேயும் பலர் கடைசியில் வந்து சேருவது அரேயும் இன்டெக்ஸும்தான். புதிதாகத் தொடங்கும், வெளியிலிருந்து டேட்டா வாங்கும் எதையும் நான் ரஸ்ட்டில் எழுதச் சொல்வேன். இருக்கும் சி புரோகிராமை அதற்காக மொத்தமாகத் திருப்பி எழுதச் சொல்ல மாட்டேன்.

சரி, நம் புரோகிராமுக்கு வருவோம். படிக்கும் பஃபர் 64 கேபி, ஸ்டாக்கில். சொற்களின் எழுத்துகள் அரினாவில். துண்டு தீர்ந்தால் 1 எம்பி அளவில் இன்னொரு துண்டு, பழையதை நகர்த்துவதில்லை, அதனால் சொல்லுக்கான பாயிண்டர்கள் செல்லுபடியாகவே இருக்கும். அட்டவணை ரீஅலாக்கில் இரட்டிப்பாகும் அரே. ஹாஷில் இருப்பது 4 பைட் இன்டெக்ஸ்கள். ஒரு சொல்லுக்கு ஒரு மாலாக் என்பது எங்கேயும் இல்லை. எழுதும் காலம் முழுக்க அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்யுங்கள். ஏறக்குறைய இரண்டு மடங்கு மெதுவாகும், தாங்கலாம். கடைசியில் ஃப்ரீ செய்ய வேண்டுமா? புரோகிராம் முடிந்ததும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும், கட்டாயம் இல்லை. ஆனாலும் அரினாவைக் காலி செய்யும் ஃபங்ஷன் ஒன்றை எழுதி வைப்பது நல்லது, ஏனென்றால் இந்தப் புரோகிராமை நாளைக்கு யாராவது சர்வராக மாற்றச் சொல்வார்கள். அப்போது கோப்புக்கு ஒரு அரினா, பதில் போனதும் காலி. பல கோப்புகளின் எண்ணிக்கையை நினைவில் வைத்து, பழையதை அவ்வப்போது தூக்கி எறிய வேண்டும் என்று வந்தால், ஆயுள் மாறிவிட்டது. அந்தப் பதிவுகளை மட்டும் பூலுக்கு மாற்ற வேண்டும், சொற்களையும் அரினாவிலிருந்து எடுத்துவிட வேண்டும்.